பத்துமலை: கும்பிட வருவோரும் காண வருவோரும்

கோலாலம்பூர் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்துமலையில் தைப்பூசத்தன்று பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திரளுகின்றனர். அந்தத் திரளைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறோம். ஏனைய நாள்களில் அம்மலையடிவாரம் எவ்வாறு மாறிவருகின்றது என்பதைப் பேசுவோர் குறைவு. சாதாரண நாளொன்றில் படியேறுவோரைக் கவனித்தால், அர்ச்சனைத் தட்டு ஏந்தியவரைவிடக் கைப்பேசி ஏந்தியவரே மிகுதியாகத் தென்படுவர்.

இம்மலையை வெளியுலகம் அறிந்தது வழிபாட்டினால் அன்று. தெமுவான் பழங்குடியினர் ஒதுங்கிய குகைகள் இவை. 1860களில் சீனக் குடியேறிகள் உரத்திற்காக வௌவால் எச்சத்தை அள்ளினர். 1878இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹார்னடே இக்குகைகளைப் பற்றி எழுதினார். அதன் பின்னரே தம்புசாமி பிள்ளை அவர்களின் முயற்சியால் குகைக்குள் முருகன் எழுந்தருளினான். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. 1920இல் மரப்படிகளும் 1940இல் 272 கற்காரைப் படிகளும் அமைந்தன. கரடுமுரடான பாதையில் காவடி சுமந்து ஏறிய அடியார்க்காகவே அப்படிகள் எழுந்தன. சுற்றுப்பயணியை எண்ணி அன்று எவரும் ஒரு கல்லையும் வைக்கவில்லை.

2006 ஜனவரியில் 140 அடி உயர முருகன் திருவுருவம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. உலகிலேயே உயர்ந்த முருகன் சிலை என்னும் பெயர் பயணக் கையேடுகளில் ஏறியது. 2010இல் கொமுட்டர் இரயில் அடிவாரத்திற்கே வந்தது. இது பக்தர்களுக்கும் பெரும் வசதி. 2018 ஆகஸ்டில் குடமுழுக்கையொட்டிப் படிகளுக்குப் பல வண்ணம் தீட்டப்பட்டது. தன் ஒப்புதலின்றி நடந்ததாகத் தேசிய மரபுடைமைத் துறை வினா எழுப்ப, வண்ணப்படிகளின் படங்களோ சமூக ஊடகங்கள் வழியே உலகெங்கும் பரவின. அன்று தொடங்கி அப்படிகள் ஏறும் வழியாக மட்டுமின்றி, நின்று படமெடுக்கும் இடமாகவும் ஆகிவிட்டன. 'உலகிலேயே உயர்ந்தது' என்னும் பெருமையும் நிலைக்கவில்லை. 2022இல் சேலம் மாவட்டத்து முத்துமலையில் 146 அடிச் சிலை எழுந்தது. அதனால் பத்துமலை முருகனின் அருள் ஆறடி குறைந்துவிட்டதாக எந்தப் பக்தரும் கருதவில்லை!

சுற்றுப்பயணிகளால் நன்மை இல்லை என்று கூறிவிட முடியாது. இளநீர் விற்பவர், பூக்கட்டுபவர், உணவகப் பணியாளர், வாடகை வண்டி ஓட்டுநர் எனப் பலருக்கும் அவர்களால் பிழைப்பு நடக்கிறது. ஆயினும் வருவாய் எவ்வழியில் வருகிறது என்பதை நோக்க வேண்டும். குகைக்கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பேருந்தில் வருபவர் ஒரு மணி நேரம் தங்கி, ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு சாவிக்கொத்தும் வாங்கிப் புறப்படுகிறார். மாலையும் கற்பூரமும் வாங்குபவர் பக்தரே. கூட்டம் பெருகினால் கடை வாடகை உயரும். உயர்ந்த வாடகையைத் தாங்குவது சாவிக்கொத்து விற்பவரா, பூ விற்பவரா என்பதை வணிகம் அறிந்தோர் எளிதில் சொல்லிவிடுவர். குப்பையும் நெரிசலும் அருகில் குடியிருப்போர்க்கே எஞ்சுகின்றன.

2020 மார்ச்சில் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டன. 2022 ஏப்ரல் முதல் நாள்தான் அவை முழுமையாகத் திறந்தன. அவ்விரண்டு ஆண்டுகளில் அயல்நாட்டவரை மட்டும் நம்பிய வணிகம் படுத்துவிட்டது. வழிபாட்டுத் தலங்கள் திறக்க அனுமதி கிடைத்ததும் முதலில் வந்து நின்றவர்கள் உள்ளூர் அடியார்களே. கணக்குப் புத்தகம் பார்க்கும் எந்த ஆலய நிர்வாகமும் இதை மறக்கலாகாது.

மலைக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. நெடுங்காலம் சுண்ணாம்புக்கல் உடைக்கப்பட்ட இடம் இது. 2012இல் அருகே 29 மாடிக் குடியிருப்பு எழவிருந்தபோது பக்தர்களும் வட்டார மக்களும் கூடி எதிர்த்தனர், திட்டம் நின்றது. அரிய சிலந்தி வகையொன்று வாழும் இருட்டுக் குகை 2019இல் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது.

2026ஆம் ஆண்டு மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக அறிவிக்கப்பட்டது. மேல் குகைக்கு மின்படிக்கட்டு அமைக்கும் திட்டமும் 2024 முதல் பேசப்பட்டு வந்திருக்கிறது. முழங்கால் வலியால் அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்பும் முதியோர்க்கு அது பெரும்பேறு. ஆனால் முதியோரின் பெயரைச் சொல்லி அமைக்கும் மின்படியில் பேருந்துக் கூட்டம் முந்திக்கொண்டால் என்ன செய்வது? முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் தனி வரிசை, வெள்ளி, செவ்வாய்க் கிழமைகளில் பூசை நேரத்தில் வழிபடுவோர்க்கு முன்னுரிமை, அயல்நாட்டவரிடம் மட்டும் கட்டணம் பெற்று அதைத் துப்புரவுக்கும் கழிப்பறைகளுக்கும் செலவிடுதல் ஆகியவற்றை வரைபடம் தீட்டும்போதே முடிவு செய்தாக வேண்டும். கட்டி முடித்த பின் பேசினால் வரிசையில் முன்னால் நிற்பவர் எவரும் விலகி வழிவிடப் போவதில்லை.