விளக்கை அணைத்தால் போதுமா?

1988ஆம் ஆண்டு யூன் மாதம் ரொறன்ரோ மாநகரில் உலக அறிவியலாளரும் அரசுப் பிரதிநிதிகளும் கூடி, மாறிவரும் வளிமண்டலம் பற்றி ஆராய்ந்தனர். காபனீரொட்சைட்டு வாயுவின் வெளியேற்றத்தை 2005ஆம் ஆண்டளவில் 20 வீதத்தால் குறைக்கவேண்டும் என்று அம்மாநாடு உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நாடுகள் தயங்கி நின்றன. ரொறன்ரோ நகரசபையோ 1990 சனவரியில் அந்த இலக்கைத் தன் இலக்காகவே ஏற்றுக்கொண்டது. நம்மவருள் பலர் கையில் ஒரு பையுடன் இந்நகரில் வந்திறங்கிய காலமும் அதுவே. வீடும் வேலையும் வதிவிட உரிமையும் தேடி அலைந்த நாம் அன்று இச்செய்தியைக் கவனித்திருக்க நியாயமில்லை. இன்று நமக்குச் சொந்த வீடு உண்டு, வாகனம் உண்டு, வாக்கும் உண்டு. இன்றும் கவனியாதிருத்தல் முறையன்று என்பதே எம் கருத்து.

சூழல் பாதுகாப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் குரல், “பிள்ளை, விளக்கை அணை” என்பதுதான். பேச்சுப் போட்டிகளில் மாணவச் செல்வங்களும் இதனையே முழங்குகின்றனர். நல்ல பழக்கம், மின்கட்டணமும் குறையும். ஆயினும் இந்நகரில் ஒரு குடும்பம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் விளக்கின் பங்கு மிகச் சிறிது. பெரும்பங்கு நாம் எட்டிப் பாராத நிலக்கீழ் அறையிலே எரிந்துகொண்டிருக்கின்றது.

முன்னர் நிலைமை வேறாக இருந்தது. 2003ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்பட்டது. மிசிசாகா ஏரிக்கரையில் லேக்வியூ மின்நிலையத்தின் நான்கு புகைபோக்கிகள் வானளாவ நின்றதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். ‘நான்கு சகோதரிகள்’ என்பது அவற்றின் பட்டப்பெயர். அந்நிலையம் 2005 ஏப்பிரலில் மூடப்பட்டது. மறு ஆண்டு சகோதரிகளும் தகர்க்கப்பட்டனர். 2014இல் தண்டர்பேயில் இருந்த கடைசி நிலையமும் நிலக்கரி எரிப்பதை நிறுத்தியது. 2005இல் 53 நாள்கள் புகைமூட்ட எச்சரிக்கைக்கு உள்ளான மாகாணத்தில், 2014இல் அத்தகைய நாள் ஒன்றுகூட இல்லை. கோடை விடுமுறையில் ஆஸ்மா உள்ள பிள்ளைகளை வெளியே விடாது மறித்துவைத்திருந்த தாய்மார் இதன் அருமையை அறிவர். 2020ஆம் ஆண்டளவில் 30 வீதம் குறைப்பதென்று 2007இல் நகரம் வகுத்த இலக்கு எய்தப்பட்டதற்கும் இதுவே தலையாய காரணம். அதனைச் செய்தது மாகாண அரசு. நாமும் நகரசபையும் செய்யவேண்டியவை பெரும்பாலும் அப்படியே எஞ்சியுள்ளன.

இன்று நம் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அணுமின் நிலையங்களிலிருந்தும், நாலில் ஒரு பங்களவு நீர்விசையிலிருந்தும் கிடைக்கின்றது. (ஊரிலிருந்து வரும் விருந்தினர் எல்லோரையும் நயாகராவுக்கு அழைத்துச்சென்று படம் எடுக்கும் நாம், அங்கே 1922 முதல் மின்சாரம் பிறப்பிக்கும் சேர் அடம் பெக் நிலையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதேயில்லை.) வெப்பம் மிகுந்த பிற்பகல்களில் ரொறன்ரோ ஏரிக்கரையிலுள்ள போட்லண்ட்ஸ் நிலையம் போன்றவை எரிவாயுவை எரிக்கின்றன என்பதும் உண்மையே, அவ்வேளைகளில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிப்பதிற் பயனுண்டு.

மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்துபார்க்கலாம். 10 வாற் மின்குமிழ் ஒன்று நாள்தோறும் 5 மணி நேரம் ஓராண்டு எரிந்தால் செலவாவது ஏறத்தாழ 18 அலகு மின்சாரம். அது முழுவதும் எரிவாயு நிலையத்திலேயே பிறந்ததாகக் கொண்டாலும் வெளியேறும் காபனீரொட்சைட்டு 10 கிலோவைத் தாண்டாது. இனி, வீட்டுக்கு வரும் எரிவாயுக் கட்டணச் சிட்டையை எடுங்கள். அதில் எத்தனை கனமீற்றர் என்று எழுதியிருக்கும். ஒரு கனமீற்றர் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 1.9 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகின்றது. ஆண்டில் 2,000 கனமீற்றர் எரிக்கும் வீடு 3,800 கிலோவை வெளிவிடுகின்றது. விளக்கை அணைக்காத பிள்ளையை அதட்டும் தந்தையார், ‘பேர்னஸ்’ என்று நாம் அழைக்கும் அந்த எரிவாயு உலையையும் ஒருமுறை எட்டிப்பார்த்தல் தகும்.

இங்கு ஒன்றைக் கூறாது விட முடியவில்லை. ஊரில் நாம் எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தோம் என்று பெருமை பேசுவோர் உளர். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணம் மின்சாரம் இன்றி, பெற்றோல் இன்றி, சைக்கிளோடும் ஜாம்போத்தல் விளக்கோடும் வாழ்ந்தது. மகிழுந்துகள் மண்ணெண்ணெயில் ஓடின. அது பொருளாதாரத் தடையால் வந்த இன்னல். சூழல் பேணும் நோன்பு அன்று. அந்த இருளில் வளர்ந்த ஒருவர் இங்கே எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டு வைத்தால் அவரைக் குறைகூற எமக்கு மனம் வராது. நாம் கேட்பது இருளுக்குத் திரும்புவதை அல்ல.

ரொறன்ரோவின் மொத்த வெளியேற்றத்தில் பாதிக்கு மேற்பட்டது கட்டடங்களால் வருவது; அதிலும் பெரும்பகுதி வெப்பத்துக்கென எரிக்கப்படும் இயற்கை எரிவாயுவால் வருவது. 2040இல் நிகர வெளியேற்றத்தை இல்லாதொழிப்பதென 2021 திசம்பரில் நகரசபை தீர்மானித்தது. ஓர் உலை 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும். ஆகவே இவ்வாண்டு நாம் வாங்கும் உலை, இன்று அரிவரி படிக்கும் பிள்ளை வளர்ந்து ஆளாகி வேலைக்குப் போகும் நாளிலும் எரிந்துகொண்டிருக்கலாம். பழைய உலை பழுதாகும் வேளையே தீர்மானிக்கும் வேளை. அது பெரும்பாலும் சனவரி மாதத்து நள்ளிரவில் பழுதாகும்; அப்போது ஆராய எவருக்கும் அவகாசம் இராது, கிடைத்ததை வாங்குவோம். ஆதலால் முன்கூட்டியே விசாரித்து வைத்தல் நன்று.

உலைக்கு மாற்றாக உள்ளது ‘ஹீற் பம்ப்’ எனப்படும் வெப்பப் பம்பி. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளேயிருக்கும் வெப்பத்தை இழுத்துப் பின்புறத்தால் வெளிவிடுவது போல, இது வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை வீட்டினுள் கொண்டுவருகின்றது. கோடையில் அதுவே குளிரூட்டியாகவும் இயங்கும். கடுங்குளிர் நாள்களுக்குத் துணையாகப் பழைய உலையை வைத்திருப்போரும் உளர். எரிவாயு மலிவாக இருப்பதனால் எல்லா வீடுகளிலும் மாதச் செலவு குறையும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். முதலிற் கூரையின் உட்பகுதிக்கு வெப்பக்காப்பு இட்டு, காற்றுப் புகும் இடைவெளிகளை அடைத்தல் வேண்டும். அது எந்த வீட்டுக்கும் நட்டமாகாது. இவற்றுக்கென நகரசபை 2014இல் தொடங்கிய கடன் திட்டத்தில், கடனைச் சொத்துவரியோடு சேர்த்துத் தவணையாகக் கட்டும் வசதி செய்யப்பட்டது.

வாடகைக்கு இருப்போரை இக்கணக்கில் இழுப்பது நியாயமன்று. நம்மவர் ஆயிரக்கணக்கில் முதன்முதற் குடியேறிய சென். ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகள் 1960களில் எழுந்தவை; மாரியில் வெப்பம் தாளாது யன்னலைத் திறந்துவிடுவதே பல வீடுகளில் ஒரே வழி. கொதிகலன் கட்டட உரிமையாளருடையது. அதனை மாற்றுவிக்கும் வலிமை நகரசபைக்கும் சட்டத்துக்குமே உண்டு. செய்ய முடியாதது எதுவுமில்லை. 2004 முதல் ஒன்ராறியோ ஏரியின் 83 மீற்றர் ஆழத்திலிருந்து 4 பாகை செல்சியஸ் குளிர்ந்த நீரை எடுத்து, அதன் குளிர்ச்சியால் நகர மையத்துப் பெரும் மாளிகைகளைக் குளிரூட்டி, அந்நீரையே குடிநீராகவும் தரும் நகரம் இது. வங்கிகளின் கோபுரங்களுக்குக் காட்டிய கெட்டித்தனத்தைக் குடியிருப்போரின் தொடர்மாடிகளுக்கும் காட்டலாமே!

அடுத்தது வாகனம், வெளியேற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஸ்காபரோவில் வாகனமின்றி வாழுங்கள் என்று உபதேசிப்பது எளிது. 1985இல் திறக்கப்பட்ட ஸ்காபரோ ரயில் 2023 யூலையில் தடம்புரண்டபின் மீண்டும் ஓடவேயில்லை. சுரங்க ரயிற் பாதை இன்னும் கட்டப்படுகின்றது. பனியில் பஸ்ஸுக்குக் காத்துநின்ற தாய் அடுத்த ஆண்டு ஒரு பழைய வாகனம் வாங்கினால் அது அவர் குற்றமா?

ஆனால் நம் கையில் உள்ளதும் ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடியுமுன் வாகனத் தரிப்பிடத்தைப் பாருங்கள்: இயந்திரம் ஓடியபடியே வாகனங்கள் வரிசையாக நிற்கும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் அவ்வாறு நிறுத்துவதை 2010 முதல் நகரச் சட்டம் தடைசெய்துள்ளது. அப்புகையினூடாகவே நம் பிள்ளைகள் புத்தகப்பையுடன் நடந்து வருகின்றனர்.

ஆண்டு விழாக்களுக்கு நகரசபை உறுப்பினர்களையும் மாகாண, மத்திய பாராளுமன்ற உறுப்பினர்களையும் அழைக்கின்றோம். அவர்கள் குத்துவிளக்கேற்றி, ‘வணக்கம்’ என்று அழகாகச் சொல்லி, கைதட்டலைப் பெற்றுக்கொண்டு அடுத்த விழாவுக்குச் சென்றுவிடுகின்றனர். இம்முறை மேடையைவிட்டு இறங்கும் வழியில், உயர்வகுப்பு மாணவர் இருவர் அவர்களை மறித்து இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: எங்கள் தொடர்மாடிக் கொதிகலன்கள் எந்த ஆண்டில் மாற்றப்படும்? எங்கள் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும்?