காலையில் ஒன்று, மாலையில் இரண்டு

கண் பரிசோதனைக்குப் போனால் கடைசி வரி எழுத்துகள் வரை தடுமாறாமல் வாசித்துவிடுவேன். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டுதானே வாசிக்கச் சொல்கிறார்கள்! எனக்குச் சிக்கலே இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும்போதுதான். மாலையானால் ஒரு பேருந்து இரண்டாகத் தெரியும், இமைகளும் தொங்கிவிடும்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு சேர்ப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தாக்கும்போது, தசை சீக்கிரம் களைத்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு இது கண்ணில்தான் தொடங்கும். ஓய்வெடுத்தால் தெம்பு திரும்பும். தொங்கிய இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து, அது உயர்கிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனை. நடிகர் அமிதாப் பச்சனுக்கும் 1980களில் இந்நோய் கண்டறியப்பட்டது.

கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸ் வழியாகக் கல்லூரிக்கு நடக்கிறேன். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. வெள்ளைக் கோல் பிடித்து வருபவருக்கு அங்கே யாராவது கை கொடுத்துவிடுவார்கள். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படியிறங்கும் என்னை வேடிக்கைதான் பார்ப்பார்கள். தப்பில்லை, பார்க்க விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் வகுப்புத் தோழர்கள், "காலையில நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்கும்போதுதான் வலிக்கிறது. காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமாவதுதான் இந்த நோயே! குறை என்றால் எந்நேரமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நடிப்பு என்று நினைக்கிறோம்.

நமது நாட்டின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, அரசாங்கமும் தனியார் கல்வி நிலையங்களும் மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. 'தேவைக்கேற்ற' என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். தேர்வில் உதவி என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது கூடுதல் நேரம். களைத்துப்போன கண் தசையை இன்னும் அரை மணி நேரம் வாசிக்க வைத்தால் என்ன ஆகும்? இருக்கிற நேரத்தின் நடுவில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார விட்டால் போதும். அதைவிட நல்லது, தேர்வைக் காலையில் வைப்பது. இதற்குப் பெரிதாகச் செலவும் இல்லை.

உங்களில் யாருக்காவது இமை தொங்கி, உருவங்கள் இரட்டையாகத் தெரிந்தால், தூக்கக் குறைவு என்று விட்டுவிடாதீர்கள்; மருத்துவரைப் பாருங்கள். நோய் உறுதியானவர்கள் வேறு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இதை மோசமாக்கும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அடுத்த மாதம் எனக்கு மூன்று தேர்வுகள். ஒன்று பிற்பகல் 2.30-க்கு. அதைக் காலைக்கு மாற்றித் தருமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.