டாஸ்மாக் கடைக்கு மட்டும் ஏன் ஹீரோ போஸ்டர் இல்ல?

ஆர்.எஸ்.மங்கலம் மாதிரி எந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்தாலும் சினிமா முகங்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். நகை, வேட்டி, செல்போன், சிமென்ட்... எதை விற்கவும் ஒரு நடிகர் வேணும். டாஸ்மாக் கடைக்கு மட்டும் யாரும் தேவையில்லை. ஒரு போஸ்டர்கூட இல்லாமல் 2024-25-ல் 48,344 கோடி ரூபாய் வருமானம். இது எப்படி சாத்தியம்?

பிலிப்பைன்ஸில் கதையே வேற. அங்கே மது விளம்பரத்தில் நடிகர்கள் வருவது சகஜம். 'சான் மிகுவல்' பீர் விளம்பரத்தில் வந்த காமெடியன் பெர்ட் மார்செலோவை அந்த ஊர்ப் பெரிசுகள் இன்னும் மறக்கவில்லை. 'ஜினேப்ரா சான் மிகுவல்' என்ற ஜின் கம்பெனி, நடிகைகளை வைத்து காலண்டரே போடும். நம்ம ஊர் ஜவுளிக்கடை காலண்டர் மாதிரிதான். பெட்டிக்கடையில் நாலு பிராண்ட் இருக்கும்போது, கை எந்த பாட்டிலை எடுக்கணும்னு சொல்ல அங்கே ஸ்டார் வேணும்.

இந்தியாவில் கேபிள் டி.வி விதிகள் மது விளம்பரத்துக்குத் தடை போட்டன. கம்பெனிகள் அசரவில்லை. சரக்கின் பெயரிலேயே சோடா, மினரல் வாட்டர், மியூசிக் சி.டி விட்டார்கள். 'பேக்பைப்பர்' சோடாவுக்கு இந்தி ஹீரோக்கள் வரிசை கட்டினார்கள். 'ராயல் ஸ்டாக்' பெயருக்கு ஷாருக் கான். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மறைமுக விளம்பரங்களுக்குத் தடை கொண்டுவந்தது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50 லட்சம் வரை. நடிக்கிறவருக்கும் இது பொருந்தும். ஆனால், 'பெயர் ஒன்றாக இருப்பதாலேயே அது மறைமுக விளம்பரம் ஆகிவிடாது' என்று அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கு. பெரிய ஓட்டைதான்! அதே 2022-ல் தெலுங்கு ஹீரோ பாலகிருஷ்ணா 'மேன்ஷன் ஹவுஸ்' குடிநீர் விளம்பரத்தில் வந்தார். மேன்ஷன் ஹவுஸ்னு சொன்னதும் உங்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வருதா, பிராண்டி ஞாபகம் வருதா?

சரி, பக்கத்து மாநிலத்தில் நடப்பது இங்கே ஏன் பெரிசா எடுபடவில்லை? தமிழ் நடிகர்களின் கொள்கைப் பிடிப்புனு சொல்ல ஆசைதான். எனக்கென்னவோ கணக்கு அதைவிட சிம்பிளாகத் தெரியுது. இங்கே சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில். எந்த பிராண்ட் கடைக்கு வரணும்னு முடிவு பண்றதும் டாஸ்மாக்தான். கேட்டது இல்லைன்னா இருப்பதை வாங்கிட்டு நகரணும். இப்படிப்பட்ட கஸ்டமருக்காக ஒரு ஹீரோவுக்குக் கோடிகளைக் கொட்ட எந்தக் கம்பெனிக்கும் பெரிய அவசியம் இல்லை.

நம்ம ஸ்டார்கள் விளம்பரத்தில் நடிக்கலை, கடையையே திறந்தாங்க. எம்.ஜி.ஆர் திரையில் குடிப்பதே அபூர்வம். 'ஒளிவிளக்கு' (1968) படத்தில் குடித்தபோதும், மனசாட்சி வந்து பாட்டாலேயே அவரைத் திட்டும். ஆனால் 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது அவர் ஆட்சியில்தான். 2003-ல் சில்லறைக் கடைகளையும் அதன் கையில் கொடுத்தது ஜெயலலிதா. நடிகர் ஜோசப் எஸ்ட்ராடா 1998-ல் பிலிப்பைன்ஸுக்கு அதிபரே ஆனார். ஆனா, அங்கே அரசாங்கம் சரக்குக் கடை நடத்தலை.

இடையில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. பனங்காடு நிறைந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் இதன் அர்த்தம் என்னன்னா, தன் மரத்துக் கள்ளை இறக்கினால் பனையேறி மேல் வழக்கு. எங்கோ ஆலையில் அடைத்த குவாட்டர் பாட்டில் அரசுக் கடையில் பில்லோடு கிடைக்கும்.

அப்போ இங்கே குடியை விளம்பரம் பண்றது யாரு? சினிமாதான், பைசா வாங்காம. 'மயக்கம் என்ன' (2011), 'ஒரு கல் ஒரு கண்ணாடி' (2012) காலத்தில் காதல் தோற்றவுடன் பார் செட்டில் ஒரு பாட்டு என்பது கிட்டத்தட்ட கட்டாயமாகவே இருந்தது. அந்தப் பாட்டில் எந்த பிராண்ட் பெயரும் தெரிய வேண்டியதில்லை. மனசு உடைஞ்சா எங்கே போகணும்னு மட்டும் பதிஞ்சா போதும், மிச்சத்தை டாஸ்மாக் பார்த்துக்கும்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகணும். பார் பாட்டு ரீல்ஸாக போனில் வர எந்த வயதும் வேண்டாம். தியேட்டரில் ஓரமாக ஓடும் 'மது உடல்நலத்துக்குத் தீங்கு' வரியும், செங்குத்தாக வெட்டிய 30 செகண்ட் கிளிப்பில் பாதி நேரம் ஃபிரேமுக்கு வெளியே போயிடுது.