"மொத்தமா எவ்வளவு?": பங்களாத் தோட்டமும் காலனிக் கூலியும்

மே மாதக் கடைசியில் குற்றாலம் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "தோட்டம் காடா கெடக்கு. சுத்தம் பண்ண மொத்தமா எவ்வளவு?" ஜூனில் சாரல் தொடங்கினால் சீசன். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பங்களாக்களையும் வாடகை வீடுகளையும் அதற்குள் திறந்தாக வேண்டும். உன்னிச்செடியும் பார்த்தீனியமும் இடுப்புயரம் வளர்ந்து நிற்கும். வெட்ட ஆள் வேண்டும். தென்காசியைச் சுற்றியுள்ள நம் தெருக்களுக்கு அப்போதுதான் போன் வரும்.

அந்த வேலைக்கான கூலியை வேலையின் அளவு தீர்மானிப்பதில்லை. வேலைக்கு வருகிறவரின் தெரு தீர்மானிக்கிறது. இதை வெறும் பேரம் என்று நினைக்கிற தோழர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் 'மொத்தமா' என்ற சொல்லைப் பார்ப்போம். பத்து சென்ட் தோட்டம், மூன்று பேர், மூன்று நாள் வேலை என்று வையுங்கள். ஒன்பது ஆள்கூலி. 2025-26-இல் நூறு நாள் வேலைக்கு ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தாலே 3,024 ரூபாய் வருகிறது. பங்களாக்காரர் "மொத்தமா ரெண்டாயிரம் வச்சுக்கோங்க" என்கிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 222 ரூபாய். பஸ் செலவு, அருவா தீட்டும் செலவு, ஆள் பிடித்துக் கொடுத்தவரின் கமிஷன் எல்லாம் அதற்குள்தான். நாள் கணக்கில் சொன்னால் வெட்கப்பட வேண்டிய தொகை, 'மொத்தமா' என்று சொன்னதும் பெரிய தொகைபோலத் தெரிகிறது. சீசனில் அதே பங்களாவில் ஓர் அறைக்கு ஒரு இரவுக்கு வாங்கும் வாடகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதே தோட்டத்துக்குப் புல் வெட்டும் மெஷினோடு ஒருவர் வந்தால் பேச்சு மாறிவிடும். அவர் மணிக்கு இவ்வளவு என்பார். பெட்ரோல், ஆயில், நைலான் நரம்பு, பிளேடு, தேய்மானம் என்று கணக்குச் சொல்வார். வீட்டுக்காரர் தலையாட்டுவார். மெஷினுக்குத் தேய்மானம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறவர், நாள் முழுக்கக் குனிந்தே வேர் பிடுங்குகிற ஐம்பது வயது முதுகுக்கும் தேய்மானம் உண்டு என்று நினைப்பதில்லை.

ஆபத்துக்கும் விலை கிடையாது. மாதக்கணக்கில் ஆள் நடமாட்டம் இல்லாத புதருக்குள் கண்ணாடி விரியனோ கட்டுவிரியனோ இருக்கலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. பார்த்தீனியம் தோலைப் புண்ணாக்கும், மூச்சிரைப்பும் தரும். புதரில் இருக்கும் பூச்சி கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். இத்தனைக்கும் நடுவே கையுறை கேட்டால் "பெரிய ஆபீசரு" என்று கேலி.

நாங்கள் முக்கியமாகப் பேச வருவது இன்னொரு சொல்லைப் பற்றி. அது 'அப்படியே'. "வந்தது வந்துட்டீங்க, அப்படியே அந்தச் சாக்கடை அடைப்பையும் எடுத்துருங்க." "அப்படியே பின்னாடி நாய் ஒண்ணு செத்துக் கெடக்கு, தூக்கிப் போட்டுருங்க." "அப்படியே செப்டிக் டேங்க் மூடியத் தொறந்து பாத்துருங்க." ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியனிடம் இதை யாராவது கேட்பார்களா? ஏசி மெக்கானிக்கிடம் செத்த நாயைக் காட்டுவார்களா? தோட்டம் வெட்ட வந்தவரிடம் மட்டும் ஏன் வாய் கூசாமல் கேட்க முடிகிறது? அவர் கையில் இருக்கும் அருவாளுக்கும் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம்? அவருடைய தெருவுக்கும் சாக்கடைக்கும் சம்பந்தம் உண்டு என்று கேட்கிறவர் மனம் முடிவு செய்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்ததாகச் சொன்ன தீண்டாமை, அந்த 'அப்படியே'யில் உயிரோடு இருக்கிறது.

சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்க்கிலோ பாதாளச் சாக்கடையிலோ இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் செத்த விலங்கைத் தூக்க வைப்பதையும் குற்றமாக எழுதி வைத்திருக்கிறது. 'அப்படியே' என்று சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"அவங்களே ஒத்துக்கிட்டுத்தான் வந்தாங்க" என்பார்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 1982-லேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, 23-ஆவது பிரிவு தடை செய்த கட்டாய வேலைதான் என்றது நீதிமன்றம். கையில் சங்கிலி பூட்டினால்தான் கட்டாயம் என்றில்லை, வேறு வழியில்லாத பசியும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 222 ரூபாய்க்குத் தலையாட்டியவர் சம்மதித்துத் தலையாட்டவில்லை.

"நாங்க சாதி பாக்கிறதில்ல, யாரு வந்தாலும் இதே கூலிதான்" என்பது அடுத்த சமாதானம். அப்படியானால் போன் ஏன் ஒரே தெருவுக்கு வருகிறது? ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசையாகவும் மாறிவிட்ட 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் ஆவணத்திலிருந்து சொல் போனாலும் 'காலனி ஆளுங்க' என்ற கூலி விகிதம் போகவில்லை. கூப்பிடுகிற விதத்தையும் கவனியுங்கள். கடைக்காரர் அண்ணாச்சி. வீடு கட்டுகிறவர் கொத்தனார். அறுபது வயதில் அருவாளோடு வந்து நிற்கிறவரை மட்டும் காலேஜ் படிக்கிற பையன்கூட "ஏலே" என்கிறான். மரியாதையைக் குறைத்த பிறகு கூலியைக் குறைப்பது சுலபம்.

பெண்களுக்கு இதிலும் ஒரு படி கீழே. வெட்டிப் போட்ட முள்ளை அள்ளிச் சுமந்து வெளியே கொட்டுகிறவர்கள் அவர்கள். அதற்கு 'சின்ன வேலை' என்று பெயர் வைத்து ஆண் கூலியிலிருந்து பிடித்தம். சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அரசால் கொடுக்க முடிந்தது. ஒரு பங்களாவால் முடியாதா?

வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அண்ணல் அம்பேத்கர்தான் 1946-இல் குறைந்தபட்ச ஊதிய மசோதாவை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். 1948-இல் அது சட்டமானது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று விளக்கியவரும் அவரே. கூலிக்கு ஒரு அடிமட்டம் வேண்டும் என்பதும் சாதி ஒழிய வேண்டும் என்பதும் அவருக்கு இரண்டு வெவ்வேறு வேலைகளாக இருக்கவில்லை. நமக்கும் அப்படி இருக்கக்கூடாது.

மாணவத் தோழர்களே, நம்மில் பலருடைய அப்பா அம்மா இந்த வேலைக்குப் போய்த்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பு இப்போது அவர்களுக்குப் பயன்படட்டும். அடுத்த சீசனுக்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன கருவி, கமிஷன் எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்று உட்கார்ந்து எழுதுங்கள். தெருவில் பத்து வீட்டுக் கணக்குச் சேர்ந்தால் அது கோரிக்கை மனு. தெருவே ஒரே விகிதம் சொன்னால் அது சங்கம்.

கோரிக்கைகள் எளிமையானவை. 'மொத்தமா' பேசக்கூடாது, நாள் கணக்கும் நேரக் கணக்கும் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. கையுறையும் பூட்ஸும் வேலை கொடுப்பவர் பொறுப்பு. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் சிகிச்சைச் செலவும் அவர் பொறுப்பு. கூலி அன்றன்றைக்கே கைக்கு வர வேண்டும். 'அப்படியே' என்று எதுவும் கிடையாது.

இதை ஒத்துக்கொண்டால் தோட்டம் வெட்டக் கூடுதலாகச் செலவாகும் என்று புலம்புவார்கள். ஆமாம், ஆகும். அந்தச் செலவை இத்தனை காலம் நம் தெருதான் கட்டிக்கொண்டிருந்தது.