திரையில் தெரியாத ஆழம்

வயிற்றில் சிறு துளைகளிட்டு, அவற்றுள் ஒன்றின் வழியே விளக்கொளியும் கேமராவும் இணைந்த உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, திரையைப் பார்த்தபடியே செய்யப்படும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை, 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா அம்முறையில் பித்தப்பையை அகற்றிய பிறகு இந்தியாவில் வேரூன்றியது. நோயாளியின் வலியும் தழும்பும் குறைந்தன. மருத்துவருக்கோ, திறந்த வயிற்றில் இயல்பாகக் கிடைத்த ஆழ உணர்வு திரையில் கிடைக்காமல் போயிற்று.

மனிதக் கண்கள் ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளியில் அமைந்திருப்பதால் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டுதான் எது அருகில், எது தொலைவில் என்பதை மூளை கணிக்கிறது. ஒற்றை வில்லை கொண்ட இருபரிமாண உள்நோக்கியில் அந்த வேறுபாடு இல்லாததால், நிழல், ஒன்றை ஒன்று மறைக்கும் விதம், கேமரா அசையும்போது உறுப்புகள் நகரும் வேகம் ஆகியவற்றிலிருந்து மருத்துவர் ஆழத்தை ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முப்பரிமாணக் கருவி இரு படங்களைத் தனித்தனியே எடுத்து ஒரே திரையில் காட்ட, ஒளியைப் பிரித்தனுப்பும் கண்ணாடி அணிந்த மருத்துவரின் ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படம் மட்டும் போய்ச் சேர்கிறது.

இருபரிமாணத்துக்கும் முப்பரிமாணத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படுவது தையலில்தான். நீண்ட இடுக்கியின் முனையில் வளைந்த ஊசியைச் சரியான கோணத்தில் பிடித்து, குடலின் ஓர் ஓரத்தில் செலுத்தி, மறு ஓரத்தில் வெளிவரும் நுனியை மற்றக் கையின் கருவியால் பற்ற வேண்டும். வயிற்றுச் சுவரே நெம்புமையமாக அமைவதால் கை இடப்புறம் போனால் கருவி முனை வலப்புறம் போகும். புதிதாகப் பழகும் மாணவரின் இடுக்கி ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ வெற்றிடத்தை மீண்டும் மீண்டும் கவ்வுவது, ஆழம் தெரியாததன் நேரடி விளைவு.

ஆயினும் முப்பரிமாணம் வந்தவுடனே வென்றுவிடவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் பித்தப்பை அறுவையில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 1998இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிடத்தக்க ஆதாயம் எதுவும் தென்படவில்லை. அக்காலக் கருவிகள் கண்களுக்குச் சோர்வையும் தலைவலியையும் தந்தன. பின்னர் வந்த உயர்தெளிவுக் கருவிகளைக் கொண்டு நடந்த பயிற்சிக்கூட ஆய்வுகள் பலவற்றில், புதியவர்கள் தையல் போன்ற வேலைகளை விரைவாகவும் குறைந்த பிழைகளோடும் முடித்தனர். நீண்டகாலம் பழகியவர்களிடம் அந்த இடைவெளி சுருங்கிவிடுவதாலேயே இக்கருவியின் முதல் உரிமையாளர் மாணவர் எனக் கொள்வது பொருந்தும்.

ஆழம் தெரிவதும் உறுப்பை அடையாளம் காண்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பித்தப்பை அறுவையில் நேர்ந்த பித்தநாளக் காயங்கள் 252ஐ ஆராய்ந்து 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அவற்றுள் 97 விழுக்காட்டுக்குக் காட்சி மயக்கமே முதன்மைக் காரணம் என்றது; பொதுப் பித்தநாளத்தையே பித்தப்பை நாளம் என நம்பி வெட்டிவிடுவதே அதன் கொடிய வடிவம். பித்தப்பைக்குள் நுழைபவை இரண்டே குழாய்கள் என்று கண்ணால் உறுதிசெய்யும்வரை எதையும் வெட்டலாகாது என 1995இல் அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் வலியுறுத்திய நெறியை எந்தக் கண்ணாடியாலும் ஈடுசெய்ய முடியாது.

முப்பரிமாணக் கருவியை யாருக்கு, எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி சிதம்பரத்துக்கு மிக நெருக்கமானது. 1985இல் அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. இங்கே பயிலும் முதுநிலை மாணவர் நாளை பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ காட்டுமன்னார்கோவிலிலோ பணியேற்கும்போது, அங்கெல்லாம் முப்பரிமாணக் கருவி காத்திருக்கும் என எதிர்பார்க்க இயலாது. ஆதலால் முப்பரிமாணத்தில் மட்டும் பழகிய கை, அவருக்கும் அவரை நம்பிப் படுக்கும் நோயாளிக்கும் போதாது.

சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022இல் தொடங்கப்பட்ட ரோபோ அறுவை வசதியைப் போன்ற பெருமுதலீடுகளை ஒவ்வொரு மாவட்டத்திலும் செய்துவிட முடியாது. ஆனால் மூடிய பெட்டி, சிறு கேமரா, திரை, இடுக்கிகள் ஆகியவற்றாலான பயிற்சிப் பெட்டிக்கு ஆகும் செலவு சொற்பமே; ஆட்டுக்குடலிலும் கோழி இறைச்சியிலும் அதற்குள் தைத்துப் பழகலாம். கல்லூரி முதலில் இத்தகைய பெட்டிகளை, மாலைக்குப் பிறகும் திறந்திருக்கும் அறையில், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப வைக்க வேண்டும்; அடுத்து வாங்கும் முப்பரிமாணக் கருவியைத் தையல் மிகுந்த அறுவைகளுக்கும் தொடக்கப் பயிற்சிக்கும் ஒதுக்கி, ஒரே பயிற்சியை இரு திரைகளிலும் மாறி மாறிச் செய்யவைக்க வேண்டும். மாறுகண் முதலிய காரணங்களால் இரு கண் ஆழப்பார்வை இல்லாதவர்கள் மருத்துவ மாணவர்களிடையேயும் இருப்பார்கள். முப்பரிமாணத் திரை அவர்களுக்கு எதையும் கூட்டித் தராது என்பதால், கண் மருத்துவத் துறையில் சில நிமிடங்களில் முடியும் ஆழப்பார்வைச் சோதனையை, அறுவைத் துறையில் சேரும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் செய்துவிடலாம்.