புதுமொழிக்கு எத்தனை நாள்?

சிங்காரப்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கம்பெனியொன்றுக்குப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், பைத்தானும் ஜாங்கோவும் ஒரு மாதத்தில் வந்துவிடுமா?" என வினவினார். நானோ கலைப் பட்டதாரி. எனினும் ஸர்ஃபு கற்பிப்பவனுக்கு இது புரியும்: முதல் வினைச்சொல்லின் வாய்பாடு பதியவே மாதங்களாகும், மற்றவை அதன்வழியே ஓடிவரும். ஒரு கணினி மொழியில் நிபந்தனையும் சுழற்சியும் கைவரப்பெற்றவருக்குப் பைத்தானின் இலக்கணம் சில வாரங்களில் வசப்படும். ஜாங்கோ அப்படியன்று. அது பிறர் கட்டிய வீடு. எந்த அறையில் எது உளதென்று அறியவே நாள் பிடிக்கும். 2004இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஸோஹோ நிறுவனம், பிளஸ் டூ முடித்தோரை உதவித்தொகை தந்து 2 ஆண்டுகள் பயிற்றுவிக்கிறது.

"தம்பி, கல்லூரியில் சி மொழி படித்தீர்களல்லவா?"

"தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன், ஹஜ்ரத்."

அப்படியாயின் ஒரு மாதம் போதாது என்றேன்.