வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம்! எது வேலை? எது மோசடி?

"வீட்டில் இருந்தே வேலை. தினமும் 2 ஆயிரம் ரூபாய் வருமானம். அனுபவம் தேவை இல்லை. உடனே தொடர்பு கொள்ளுங்கள்."

கல்லூரி மாணவர்களின் செல்போனுக்கு இப்படிப்பட்ட செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. சென்னையில் படிப்பவருக்கும் வருகிறது. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் இருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறவருக்கும் வருகிறது.

இதை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பலர். ஆனால், உண்மையாகவே வீட்டில் இருந்து வேலை பார்த்து, தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டும் மாணவர்களும் இருக்கிறார்கள். நல்லதையும் கெட்டதையும் பிரித்து அறிவது எப்படி?

ஏன் தேடுகிறார்கள்?

பெரிய நகரத்தில் படிக்கும் மாணவர், மாலையில் கடையிலோ ஓட்டலிலோ இரண்டு மணி நேரம் வேலை பார்க்கலாம். சிறிய ஊரில் அந்த வசதி குறைவு. குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடைகளில் ஆள் தேவைப்படும். சீசன் முடிந்தால் அதுவும் முடிந்தது.

இருட்டுவதற்குள் மகள் வீடு திரும்ப வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஆகவே வேலை தேடும் பெண்ணுக்குத் திறந்திருக்கும் வாசல், கையில் உள்ள செல்போன்தான். அந்த வாசலில்தான் மோசடிக்காரனும் நிற்கிறான்.

பீடி சொல்லும் பாடம்

வீட்டில் இருந்து வேலை செய்வது தென்காசிச் சீமைக்குப் புதிது அல்ல. எத்தனையோ வீடுகளில் தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

அந்த வேலையில் இலையும் தூளும் கடையில் கொடுப்பார்கள். சுற்றிய பீடியை எண்ணி வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பார்கள். கூலி குறைவு என்று சண்டை வந்தது உண்டு. கழிவு அதிகம் என்று சண்டை வந்தது உண்டு. ஆனால், "முதலில் 5 ஆயிரம் கட்டு, பிறகு இலை தருகிறேன்" என்று சொன்னால் எந்தத் தாயும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

வீட்டில் இருந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1974-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது.

வேலை கொடுப்பவனிடம் இருந்து வேலை செய்பவருக்குத்தான் பணம் வரவேண்டும். தாய்மார்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கம்ப்யூட்டர் வேலைக்கும் பொருந்தும்.

கிராமத்துக்கு வந்த கம்ப்யூட்டர்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் சொந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். தூரத்தில் இருந்தும் வேலை நடக்கும் என்று உலகம் கண்டுகொண்டது.

தென்காசிக்கு அது முன்பே தெரியும். ஸ்ரீதர் வேம்புவின் ஜோகோ நிறுவனம் 2011-லேயே இங்கே அலுவலகம் தொடங்கியது. மத்தளம்பாறையில் இருந்துகொண்டு, உலகம் முழுவதும் பயன்படும் மென்பொருளைத் தயாரிக்கிறார்கள். பள்ளிப்படிப்பு முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் பள்ளியும் அந்த நிறுவனத்துக்கு உண்டு.

இங்கேயும் அதே கணக்குத்தான். கற்பவரைச் சோதிக்கிறார்கள். பணம் கம்பெனியிடம் இருந்து வருகிறது.

வலை விரிப்பது எப்படி?

மோசடிக்காரன் முதலில் பணம் கேட்க மாட்டான். கொடுப்பான்! அதுதான் தந்திரம்.

"இந்த வீடியோவுக்கு லைக் போடு. இந்த ஓட்டலுக்கு 5 நட்சத்திரம் கொடு" என்பான். 150 ரூபாய், 200 ரூபாய் என்று வங்கிக் கணக்கில் விழும். மாணவருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பான். "எனக்கு 20 ஆயிரம் வந்தது" என்று அங்கே பலர் சொல்வார்கள். அவர்களும் அவனுடைய ஆட்களே. "ஆயிரம் கட்டினால் 1,300 வரும்" என்பான். வரும். அடுத்தது 10 ஆயிரம். அதற்கு அடுத்தது 50 ஆயிரம். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால், "முதலில் வரி கட்டு" என்பான். அதோடு சரி.

இப்படிப் பகுதிநேர வேலை என்று ஏமாற்றிய இணையதளங்கள் 100-க்கு மேல் 2023 டிசம்பரில் மத்திய அரசால் முடக்கப்பட்டன. ஆனால் ஒன்றை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. பக்கம் பக்கமாக டைப் அடிக்கச் சொல்வார்கள். முடித்ததும், "பிழை அதிகம். ஒப்பந்தத்தை மீறிவிட்டாய். நஷ்டஈடு கட்டு. இல்லை என்றால் கோர்ட்டு" என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். பயந்து கட்டக்கூடாது. நோட்டீசை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போகவேண்டும்.

கணக்கை வாடகைக்குக் கேட்டால்?

"உன் வங்கிக் கணக்கைக் கொடு. பணம் வரும், போகும். மாதம் 5 ஆயிரம் உனக்கு" என்று கேட்கும் ஆசாமிகளும் உண்டு. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்தக் கணக்கில் வருவது, வேறு ஒரு குடும்பத்தில் திருடிய பணம். போலீசார் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரிய மாணவரைத்தான். பட்டம் வாங்குவதற்கு முன்பே வழக்கில் பெயர் ஏறிவிடும்.

வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டுவதும் உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டார்கள். இணைய மோசடி செய்யும்படி அங்கே கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நல்ல வேலை எங்கே?

முதல் இடம், படிக்கும் கல்லூரி. அங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்கலாம். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டம் மாணவர்களுக்குத் தொழில் திறன் பயிற்சி அளிக்க வந்தது. மத்திய தொழிலாளர் துறை 2015-ல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்பு சேவை இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம்.

வேலைகளும் பல உண்டு. ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது, கணக்கு எழுதுவது, படம் வரைவது, சிறு பிள்ளைகளுக்கு வீடியோவில் பாடம் சொல்லிக் கொடுப்பது, மென்பொருளைச் சோதிப்பது. இவை எல்லாவற்றுக்கும் ஒரு திறமை வேண்டும். முதல் மாதச் சம்பளம் சிறிதாகவே இருக்கும்.

நல்ல கம்பெனி முகத்தைக் காட்டிப் பேசும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் என்று எழுதிக் கொடுக்கும். அதன் பெயர் மத்திய கம்பெனி விவகாரத் துறையின் பதிவில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டிபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிட வேண்டும். ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை.

ஏமாந்துவிட்டால்?

உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால், பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும்.

மாணவர்கள் பலர் அந்த நேரத்தை வீணாக்குகிறார்கள். அப்பா திட்டுவார், அம்மா அழுவார் என்று பயந்து மறைக்கிறார்கள். இழந்ததை மீட்க மேலும் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். மோசடிக்காரனுக்குப் பெரிய துணை இந்தப் பயம்தான்.

ஆகவே பெற்றோர் இன்றே பிள்ளைகளிடம் சொல்லி வைக்கலாம்: "பணம் போனால் போகட்டும். முதலில் எங்களிடம் சொல்." இந்த ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் காப்பாற்றும், பிள்ளையின் உயிரையும் காப்பாற்றும்.